கேபின் கூரையில் ரெண்டு தட்டு

பாண்டீஸ்வரி பழைய பிக்கப் வண்டியின் கேபினுக்குள் ஒருக்களித்துக் கிடந்தாள். சீட்டைக் கழற்றி வெளியே போட்டிருந்ததால் படுக்க இடம் இருந்தது; காலை நீட்டத்தான் இடம் இல்லை. டிரைவர் கால் வைக்கிற இடத்தில் தரை என்று ஒன்று கிடையாது. துரு தின்றது போக மிஞ்சியதைக் கிரைண்டரால் அறுத்து எடுத்தாகிவிட்டது. அந்த ஓட்டை வழியே கீழே பட்டறை மண் தெரிந்தது. மண்ணில் மல்லாந்து கிடந்த புருஷனின் கையும், கையில் இரும்புக்கட்டியும் தெரிந்தன.

"சித்த மேல தூக்குங்க."

"இம்புட்டுப் போதுமா?"

"இன்னும் ஒரு நெல்லு உசரம். ம், பிடிச்சுக்கங்க."

புதுத் தகட்டை ஓட்டையின் மேல் பொருத்தினாள். வெல்டிங் கன்னின் மூக்கை ஓரத்தில் கொண்டுபோய் வைத்துக் குறி பார்த்துக்கொண்டாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினாள். சடசடவென்று பொறி பறந்தது. மூடிய இமைக்குள்ளும் அந்த வெளிச்சம் சிவப்பாக வந்து போனது. கண்ணைத் திறந்து பார்த்தால் தகட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி. அடுத்த புள்ளிக்கு மறுபடி குறி, மறுபடி இருட்டு.

கண்ணில் அவள் போட்டிருந்தது குன்றக்குடித் திருவிழாவில் வாங்கிய கறுப்புக் கண்ணாடி. வெயிலுக்கே அது காணாது. வெல்டிங் மாஸ்க் பட்டறையில் ஒன்றுதான். அது கீழே படுத்திருந்த குழந்தைவேலுவின் தலையில் இருந்தது.

குழந்தைவேலு காரைக்குடியில் பேர் போன டிங்கர். நசுங்கின கதவை ஒட்டுத் தெரியாமல் எடுத்துக் கொடுப்பார். மற்ற பட்டறைகளில் பள்ளத்தில் பட்டிப் பசையை அப்பி மேலே பெயிண்ட் அடித்து அனுப்புவார்கள். ஒரு மழை கண்டால் உரிந்துவிடும். இவர் தகட்டை அறுத்துத் தகட்டை வைப்பார். முதலாளி காளிராஜின் பட்டறைக்கு வண்டிகள் தேடி வந்ததே அவர் கைக்காகத்தான். ஆனால் சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுவிட்டது. மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டியபோது, பின்பக்க நரம்பு போய்விட்டது, இனி மீட்க வழியில்லை என்றார்கள். இப்போது அவருக்கு வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும். மற்றதெல்லாம் விரல்தான்.

கண் போனது தெரிந்தால் வேலை போய்விடும். மத்தியானச் சோறு கொண்டுவந்த பாண்டீஸ்வரி, சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு இரண்டு தேய்ப்புத் தேய்க்கிறேன் என்று உப்புத்தாளை எடுத்தது அப்படித்தான். பிறகு காலையிலேயே கூட வந்தாள். பிறகு கன்னையும் எடுத்தாள். வீட்டுக்கு வருகிற இரும்புக் கேட்டு, கிராதி வேலைகளில் அவருக்குப் பிடித்துக் கொடுத்துப் பழகிய கைதான். அவர் விரலால் தடவி இங்கே தூக்கல், அங்கே பள்ளம் என்று சொல்வார், அவள் வைப்பாள். சனிக்கிழமைச் சம்பளம் ஒன்றுதான், அவர் பேருக்கு.

மாஸ்க் அவர் தலையில் இருக்க வேண்டியிருந்தது. உள்ளே நுழைகிற யார் கண்ணுக்கும் முதலில் படுவது அதுதான். இன்னொன்று வாங்கலாம் என்று அவள் ஒருமுறை சொன்னதற்கு, "ரெண்டு எதுக்குன்னு கேட்டா என்னத்தைச் சொல்லுவ?" என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஆள் வந்தால் அவர் கேபினை விரல் முட்டியால் ரெண்டு தட்டுத் தட்டுவார். அவள் கன்னை வைத்துவிட்டு உப்புத்தாளை எடுத்துக்கொள்வாள். காளிராஜின் வண்டிச் சத்தம் ரஸ்தா ரோட்டில் திரும்பும்போதே அவருக்குக் கேட்டுவிடும்.

பதினொரு மணி வாக்கில் டீக்கடை அக்கம்மாள் டீ கொண்டுவந்தாள். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுப் பாண்டீஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி கண்ணு இம்புட்டுச் செவப்பு? ராத்திரி சண்டையா?"

"பட்டித் தூசி விழுந்திருச்சு அத்தாச்சி."

"தெனமும் விழுகுதா தூசி? மேஸ்திரி, பொண்டாட்டிய அழுக வச்சே கொல்லப் போறீக."

"நான் எங்க அழுக வைக்கிறேன்? சம்பளத்தை முழுசா அவ கையிலதான் குடுக்கிறேன். அழுகுறதுன்னா நான்தான் அழுகணும்" என்றார் குழந்தைவேலு. மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தம் வந்த பக்கம் பார்த்துச் சிரித்தார். கிளாஸை அக்கம்மாள் நீட்டினாள். அது எங்கே இருக்கிறது என்று அவர் கை தேடுவதற்குள் பாண்டீஸ்வரி வாங்கி அவர் கையில் வைத்தாள்.

வெள்ளைச் சுவரைப் பார்த்தால் இப்போதெல்லாம் அவளுக்கு நடுவில் ஒரு சாம்பல் பொட்டுத் தெரிந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதுவும் கூடவே வந்தது. படுத்தால் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல இருக்கும். வெள்ளரிக்காய்த் துண்டை வைத்துக்கொண்டு கிடப்பாள். இதை அவரிடம் அவள் சொல்லவில்லை.

அந்தப் பிக்கப் வந்ததிலிருந்து வேலை ஓயவில்லை. நெற்குப்பைச் செட்டியார் குமரப்பனின் தகப்பனார் ஓட்டிய வண்டி. பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைக் குமரப்பன் ஓட்டலாக்கி, வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை விடுகிறார். விருந்தாளிகளைக் காரைக்குடி ஸ்டேஷனிலிருந்து இந்த வண்டியில் அழைத்துப் போகவேண்டும் என்று அவருக்கு ஆசை. எஞ்சின் வேலை மதுரையில் முடிந்துவிட்டது. கேபின்தான் அப்பளம். கூரைக் காடியில் நின்ற மழைத்தண்ணீர் கதவுத்தூண் வழியாக இறங்கி, தரையை உள்ளிருந்தே தின்றிருந்தது. வெளியே பெயிண்ட் நன்றாகத்தான் இருந்தது. ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். கதவுத்தூணின் அடியைத் திறந்தபோது நெல் உமியும் எலிப்புழுக்கையும் செங்காவித் தூளுமாகக் கொட்டியது. பாண்டீஸ்வரி அதைத் தலையிலும் மூக்கிலும் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போய் எத்தனை தடவை கொப்பளித்தாலும் வாயில் இரும்பு ருசி போகாது.

மத்தியானச் சோற்றுக்கு அப்புறம் குழந்தைவேலு சுவரைத் தடவிக்கொண்டு பின்பக்கம் ஒதுங்கப் போனார். அவர் வருவதற்குள் தூண் ஓரத்தில் நாலு புள்ளி வைத்துவிடலாம் என்று அவள் உள்ளே புகுந்தாள். இரண்டு வைத்திருப்பாள். கூரையில் ரெண்டு தட்டுக் கேட்டது.

கன்னை வைத்தாள். கறுப்புக் கண்ணாடியைச் சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டைப் பைக்குள் திணித்தாள். உப்புத்தாளோடு வெளியே தலையை நீட்டிய பிறகுதான் அந்தச் சத்தம் முட்டிச் சத்தம் இல்லையே என்று உறைத்தது.

காளிராஜ் நின்றிருந்தார். கூரைமேல் கை, விரலில் மோதிரம்.

"தேய்ச்சுக்கிட்டு இருந்தேன் மொதலாளி."

"தேய்ச்சா பொறி பறக்குமா?"

காளிராஜ் சீட்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலில் கோபம் இல்லை.

"பயப்படாதம்மா. இன்னைக்கா தெரியும் எனக்கு? மாரியம்மன் பால்குடத்துக்கு முந்தியே தெரியும். ஸ்கூல் வேன் கதவு ஒண்ணு வந்துச்சுல்ல, அதுல பாத்தேன். அண்ணன் சோத்தாங்கைப் பக்கமிருந்து புள்ளி வச்சுக்கிட்டு வருவாரு. அது பீச்சாங்கைப் பக்கமிருந்து வந்திருந்துச்சு. அப்பறம் ஒருநா வண்டிய ரோட்டுலயே விட்டுட்டு நடந்து வந்து ஜன்னல் வழியா நின்னு பாத்தேன். தட்டுறதையும் பாத்தேன்."

"ஏன் மொதலாளி ஒண்ணும் கேக்கல?"

"எதுக்குக் கேக்கணும்? வேலை நடக்குது. வண்டிக்காரன் குழந்தவேலு கைன்னு சொல்லிக் குடுக்குறான், குழந்தவேலு கைன்னு வாங்கிட்டுப் போறான். அவரும் மானமா நிக்கிறாரு. நின்னுட்டுப் போகட்டுமே."

அவளுக்கு முதலில் நெஞ்சு லேசானது. மாசக்கணக்கில் தூக்கிக்கொண்டு நின்ற பாரத்தை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி. அடுத்த மூச்சிலேயே வேறொன்று தோன்றியது. பால்குடத்துக்கு முந்தியிலிருந்து தெரியும் என்கிறாரே. அத்தனை சனிக்கிழமையும் ஒரு சம்பளத்தைத்தானே நீட்டினார்.

"அப்ப... எனக்கும் ஒரு சம்பளம் போட்டீகன்னா..."

"போடலாமே. தாராளமாப் போடலாம்" என்றார் காளிராஜ். "ஆனா பாத்துக்க. நீதான் வைக்கிறேன்னு ஆகிப்போனா, அவரு என்ன வேலை பாக்குறாருன்னு வரும்ல? கண்ணு இல்லாத ஆளுக்கு டிங்கர் சம்பளம் எப்படிப் போட? உனக்குப் பேப்பர் தேய்க்கிற சம்பளம் போடுவேன். பொம்பளைக்கு எந்தப் பட்டறையிலயும் அதுதான். நீயே நெனச்சுப் பாரு. இப்ப வாங்குறது தேவலைம்ப."

அவள் கையிலிருந்த உப்புத்தாளை மடித்தாள், விரித்தாள்.

"சம்பளம் கெடக்கட்டும் மொதலாளி. அந்த மாஸ்க்கையாவது நான் போட்டுக்கிறேன். கண்ணு ரெண்டும் எரியுது. பாக்குறதுக்கு நடுவுல ஒரு பொட்டு நிக்குது."

"அதைக் கழட்டுனா அவருக்குத் தெரிஞ்சுபோயிரும்ல, எனக்குத் தெரியும்னு. உள்ளுக்குள்ள ஒடிஞ்சுபோயிருவாரு." காளிராஜ் எழுந்து பின்பக்கம் தட்டிவிட்டுக்கொண்டார். "கண்ணை மூடிக்கிட்டுத்தானே வைக்கிற? நல்லாத்தானே விழுகுது. இந்த வண்டி போகட்டும், பாப்போம். நாளைக்குக் காலையில செட்டியாரு வாராக. வேலை நடக்குறதைப் பாக்கணும்பாக. நான் ரெண்டு தட்டுத் தட்டுனா நிறுத்தாத, வையி. அவுக நெருப்பைப் பாக்கணும்."

கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் சுவர் ஓரமாகக் குழந்தைவேலு வந்தார். வந்ததும் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

"யாரு வந்தது? காளிராஜு செருப்பு மாதிரி கேட்டுச்சே."

"பெயிண்டுக்காரத் தம்பி. பீடிக்கு நெருப்புக் கேட்டு வந்துச்சு."

"நல்லவேளை." அவர் மாஸ்க்கின் வாரைப் பின்மண்டையில் இறுக்கிக்கொண்டார். வார் அழுத்தி அழுத்தி நெற்றியில் ஒரு தடம் விழுந்திருந்தது. "ஒருத்தனுக்குத் தெரியாமக் கொண்டாந்துட்டோம் பாண்டி. இந்த வண்டி நல்லபடியாப் போயிட்டா செட்டியாரு இன்னும் நாலு பேருகிட்டச் சொல்லுவாக. பெறகு நம்மளை யாரும் அசைக்க முடியாது."

பாண்டீஸ்வரி பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் நின்ற பொட்டு அவர் மூக்கை மறைத்தது.

மறுநாள் காலையில் குமரப்பன் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பெரிய போன். வண்டியைச் சுற்றி வந்தார். ரெட் ஆக்சைடு அடித்திருந்த தூணைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒட்டு எங்கன இருக்குன்னே தெரியலையே மேஸ்திரி! இந்தக் கைக்குத் தங்கக் காப்புப் போடணும்."

"எல்லாம் ஒங்க ஆசீர்வாதம்ங்க" என்றார் குழந்தைவேலு. துவைத்த சட்டை போட்டிருந்தார்.

"ஒரு படம் எடுக்கணும். நீங்க வெல்டு வைக்கிற மாதிரி. பெருசாப் போட்டு ஓட்டல் வாசல்ல மாட்டப் போறேன். வாரவுகளுக்குத் தெரியணும்ல, யார் கை செஞ்சதுன்னு."

குழந்தைவேலு அசையாமல் நின்றார். "படமெல்லாம் எதுக்குங்க..."

"வெக்கப்படாதீகண்ணே. மாஸ்க்கை இறக்கிவிட்டுக் கையை உள்ள விட்டு நில்லுங்க, போதும்" என்று காளிராஜ் அவர் தோளைப் பிடித்துக் கதவுப்பக்கம் நிறுத்தினார்.

பாண்டீஸ்வரி உள்ளே டாஷ்போர்டுக்கு அடியில் கிடந்தாள். கன் அவள் கையில் இருந்தது. கதவு வழியாகப் புருஷனின் வலது கை முழங்கைவரை உள்ளே வந்து, அவள் முகத்துக்கு மேலே நின்றது. கையில் ஒன்றும் இல்லை. கன்னைப் பிடித்திருப்பதுபோல விரல்கள் மட்டும் வளைந்திருந்தன.

"உள்ள யாரு?" என்றார் குமரப்பன்.

"ஹெல்ப்பருங்க. தகட்டைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு" என்றார் காளிராஜ்.

"காலு தெரியுது. படத்துல விழும். உள்ள இழுத்துக்கச் சொல்லுங்க."

அவள் காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

கூரையில் மோதிரம் ரெண்டு தட்டுத் தட்டியது.

அவள் முகத்துக்கு மேலே நின்ற கை திடுக்கிட்டது. அது அவர் தட்டு இல்லை. அந்தத் தட்டை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர் என்று நினைத்திருந்த கை அது. வளைந்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கை கீழே தொங்கப் பார்த்தது.

"கையை விட்டுராதீக மேஸ்திரி. முந்தி இருந்த மாதிரியே வைங்க" என்றது வெளியே குமரப்பனின் குரல்.

விரல்கள் மறுபடி மெள்ள வளைந்தன. பாண்டீஸ்வரி குறி பார்த்தாள். சாம்பல் பொட்டுக்கு ஓரமாகத் தகட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அழுத்தினாள். இமைக்குள் சிவப்பு வந்தது.

"பிரமாதம்! ஆனா பொறி பத்தல. இன்னொண்ணு, கொஞ்ச நேரம் சேந்தாப்புல."

கூரையில் மறுபடியும் ரெண்டு தட்டு.