விழிப்பு என்று குறித்த இடம்

மூளை அலைப் பதிவில் பதினோராவது நிமிடம் வரை எல்லாம் சாதுவான கோடுகள். பிறகு திடீரென்று மலை மலையாக அலைகள், நான்கே விநாடி. மறுபடி அமைதி. அந்த இடத்துக்கு மேலே டெக்னீஷியன் குறித்திருந்தாள்: 'விழிப்பு'.

தூக்கத்தில் சொக்கும் நான்கு வயதுக் குழந்தையின் மூளையில் இப்படி அலை எழுவது இயல்பு. விழித்திருக்கும்போது எழுந்தால் வலிப்பு நோயாக இருக்கலாம், வருடக்கணக்கில் மாத்திரை. வகுப்பில் கூப்பிட்டால் திரும்பாமல் வெறித்துப் பார்க்கிறாள் என்றுதான் இந்தச் சிறுமியை அழைத்து வந்திருந்தார்கள். மருந்துச் சீட்டில் தேதி போட்டுவிட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

எதிரே சிறுமி, தலையில் ஒயர் ஒட்டிய பசை காய்ந்திருக்க, என் மேஜைக் கிளிப்புகளைக் கோத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா என் முகத்தையே பார்த்தாள். யோசிக்கும்போது எனக்கு வாய் திறக்காது.

"டாக்டர், ஏதாவது சொல்லுங்க. நீங்க பேசாம இருக்கறதுதான் பயமா இருக்கு."

அலைகளுக்கு முந்தைய பகுதியை மறுபடி பார்த்தேன். விழித்திருப்பவர் கண் சிமிட்டினால் முன்னந்தலைக் கோடுகளில் விழும் பள்ளங்கள் ஒரு நிமிடமாகவே இல்லை.

டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். "இந்த இடத்துல குழந்தை முழிச்சிருந்தத நீ பாத்தியா?"

"நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தேன் மேடம். 'முழிச்சிருக்கியா குட்டி'ன்னு கேட்டேன். 'ம்'னு சத்தம் வந்துச்சு. எழுதிட்டேன்."

அம்மா கைப்பையின் வாரை முறுக்கினாள்.

"அது... நான்தாங்க."

"எது?"

"இவ சொக்கிட்டா. தூங்கச் சொல்றதுக்கு முன்னாடி தூங்கிட்டா மொதல்லேருந்து எடுக்கணும்னு இவங்க மிரட்டிட்டுப் போனாங்க. ஒயர் ஒட்டறதுக்குள்ளயே ஊரக் கூட்டிட்டா. அதான் நானே 'ம்' கொட்டிட்டேன்."

"நான் என்ன கதையா சொன்னேன், நீங்க 'ம்' கொட்டறதுக்கு?" என்றாள் டெக்னீஷியன்.

'விழிப்பு' என்ற சொல்லை அழித்துவிட்டு எழுதினேன்: 'தூக்கக் கலக்கம். வயதுக்கு இயல்பு.' சீட்டைக் கிழித்தேன்.

"இந்தப் பதிவுல கோளாறு எதுவும் இல்லம்மா. மாத்திரை வேண்டாம். காது நல்லா கேக்குதான்னு மட்டும் பாத்துடுவோம்."

"நெஜமாவா? என் மனசு ஆறட்டும்னு சொல்லலையே?"

"இல்லம்மா."

அவர்கள் போனதும் டெக்னீஷியனிடம் கேட்டேன். "மத்த குழந்தைங்களுக்கும் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்துதான் கேட்டியா?"

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "எப்பவுமே அப்படித்தான் மேடம்."

இந்த மாதத்துப் பதிவுகளை எடுத்துவரச் சொன்னேன். ஒன்பது குழந்தைகள். மூன்று பேருக்கு நான் மாத்திரை எழுதியிருந்தேன்.