ஒருநாள் தொட்டில்

வீட்டுக்குள் குழந்தை அழுதது. சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிற காலர்க்காரி வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். தாயின் வாசனை எட்டுகிறவரை பிள்ளை புட்டியைத் தொடாது, வேறு யாராவது கொடுத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தாள். அதனால் சொந்த வீட்டுக்குள் இருக்க அவளுக்கு அனுமதி இல்லை. உள்ளே, இரவெல்லாம் கிடங்குக்குக் காவல் இருந்துவிட்டு வந்த புருஷன் பால்புட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

கீழ்வீட்டில் இஸ்திரி போடும் அக்கா தலையை நீட்டினாள்.

"என்னடி, புருஷன் வெளிய தள்ளிட்டாரா?"

"அவரு இல்லக்கா. எம் மக தள்ளிட்டா."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் உள்ளே அழுகை ஏற ஏற இவளுக்கு மார்பு கனத்துச் சட்டை நனைந்தது. தோளில் கிடந்த துண்டை இழுத்து மறைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமையோடு பிரசவ லீவு முடிகிறது. திங்கட்கிழமை போய் உட்காராவிட்டால் மெஷினை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சட்டைக் கம்பெனியில் பெயர் சொல்லி யாரையும் கூப்பிடுவதில்லை. காலர் தைப்பவள் காலர், கை தைப்பவள் கை, பட்டன் வைப்பவள் பட்டன். காலர் இல்லாமல் வரிசை நகராது. அதற்காக இவள் இல்லாமல் நகராது என்று யாரும் சொல்லவில்லை.

கதவு திறந்தது. அவன் சட்டையெல்லாம் பால்.

"துப்புறா. விஷம் குடுக்குறவனப் பாக்குற மாதிரி பாக்குறா."

அவன் கண் கலங்கியிருந்தது. தூங்காத கண் என்று சொல்லிச் சமாளித்தான்.

மறுநாளிலிருந்து அவனும் விடவில்லை. அவளுடைய பழைய நைட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கொடுத்தான். நடந்துகொண்டே கொடுத்தான். கிடங்கில் தூக்கத்தை விரட்டத் தேயிலையை அள்ளிப் போட்டு டீ குடிக்கிறவன் அல்லவா, கெட்டியாக இருந்தால்தான் தெம்பு என்று பவுடரையும் கரண்டி நிறையக் குவித்துப் போட்டுக் கலக்கினான். உள்ளே போனது கொஞ்சம்தான், அதற்கே குழந்தைக்கு வயிறு கட்டிக்கொண்டது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நர்ஸ் அவனை ஒரு பிடி பிடித்துவிட்டாள். கரண்டியைத் தட்டையாக வழித்துப் போட வேண்டும், இது டீக்கடை இல்லை என்றாள். அவன் பள்ளிக்கூடப் பையனைப்போலத் தலையாட்டினான்.

சனிக்கிழமை, குழந்தை தூக்கக் கலக்கத்தில் இருந்தபோது புட்டியை வாயில் வைத்தான். படியில் இருந்தவளுக்கு அழுகைச் சத்தம் கேட்கவில்லை. காதைக் கதவோரம் வைத்துக் கேட்டாள். சப்புகிற சத்தம். பிறகு அவன் குரல், மெதுவாக, "குடிக்கிறா."

அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். இஸ்திரி அக்கா பதறி மேலே ஏறி வந்தாள்.

"நல்லதுதானடி நடந்திருக்கு, எதுக்கு அழுவுற?"

"தெரியலக்கா. நான் இல்லாமலும் குடிக்கிறா."

வேலைக்குப் போன முதல் வாரம் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. கழிவறைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சித் தொட்டியில் விட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். வருவதற்குள் அவள் மெஷின் பக்கம் காலர் இல்லாத சட்டைகள் மலையாகக் குவிந்திருக்கும். அடுத்த மெஷினில் 'கை', காலர் வைத்த சட்டை வந்து சேராமல் சும்மா உட்கார்ந்திருப்பாள். இவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்த முகத்துக்குப் பயந்தே இவள் கழிவறைக்குப் போவதை நிறுத்தினாள். துணியால் மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு தைத்தாள். காய்ச்சல் வந்தது, போனது. பாலும் போனது.

குழந்தைக்குக் கன்னத்தில் சதை வைத்தது. புட்டியைப் பார்த்தால் காலை உதைத்துச் சிரித்தது. பிள்ளை தேறினால் சரி என்று அவளும் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மழைக்காலம் தொடங்கியபோது சூப்பர்வைசர் அவள் மெஷினருகே வந்து நின்றார். சட்டை வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம், வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளை இங்கே எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பார்களாம்.

"நாளைக்குப் பாப்பாவத் தூக்கிட்டு வாம்மா. ரூமு ரெடியா இருக்கு."

"எந்த ரூமு சார்?"

துணி வெட்டும் கூடத்தை ஒட்டிய அறை. அட்டைப்பெட்டி போடுகிற இடம் என்றுதான் அவள் இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள். மறுநாள் பெட்டிகள் இல்லை. புதுப் பெயின்ட் வாசனை. சுவரில் வாத்துப் படம். இரண்டு தொட்டில்கள், பிளாஸ்டிக் உறையை அப்போதுதான் பிரித்திருந்தார்கள். அங்கே நின்று பார்த்தால் அவள் மெஷின் தெரிந்தது. மேலே தூசி படிந்த பலகையில் 'குழந்தைகள் அறை' என்று எழுதியிருந்தது.

"இது முன்னாடியே இருந்துச்சா சார்?"

"கட்டுனப்பவே இருக்கும்மா. இடம் பத்தல, சாமான் வச்சிருந்தோம்." அவர் ஒளிக்காமல் சொன்னார். பிறகு அவள் பையைப் பார்த்தார். "அந்தப் புட்டிய உள்ள வச்சிரு. அவங்க வர்றப்ப நீ பால் குடுத்துட்டு இருக்கிற மாதிரி இருக்கணும்."

"எனக்குப் பால் இல்ல சார்."

"சும்மா அணைச்சுக்கம்மா, போதும். மேல துண்டு போட்டுக்க."

வருவார்கள் வருவார்கள் என்று காத்திருந்ததில் குழந்தைக்குப் பசி வந்துவிட்டது. காலடிச் சத்தம் கேட்டதும் அவள் துண்டுக்குள் மகளை மார்போடு சேர்த்தாள். குழந்தை வாயை வைத்தது, எடுத்தது. இது என்ன என்பதுபோல அவளை அண்ணாந்து பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிப் பை இருந்த பக்கம் கையை நீட்டி வீறிட்டது. அவள் அந்தத் தலையை மெல்லப் பிடித்து மறுபடி தன்மேல் சாய்த்துக்கொண்டாள். வாசலில் வந்து நின்றவர்களில் ஓர் அம்மாள் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாள், படம் எடுக்கலாமா என்று சைகை காட்டினாள். சூப்பர்வைசர் தலையாட்டினார்.

அவர்கள் போனார்கள்.

"புட்டிய எடுக்கட்டுமா சார்?"

"இரும்மா. கார் கேட்டத் தாண்டட்டும்."

அவள் அழுகிற பிள்ளையைத் தட்டிக்கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். வாசலில் இரண்டு பேர் அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள், அவள் எழுந்திருப்பதற்காக.