நாலாவது சர்வோ

மாதையன் வந்து கதவைத் தட்டியபோது தாண்டவராயன் ஏற்கெனவே விழித்து, வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தான். அவன் மனைவி வடிவு நெல்லிவாசல் நாட்டு மலையூர்களுக்கெல்லாம் நர்ஸ். முந்தின நாள் மத்தியானம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மாதையன் வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போனவள் இன்னும் திரும்பவில்லை. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருந்தது.

மாதையன் மூச்சு வாங்க நின்றான். பிள்ளை பிறந்துவிட்டது. ஆனால் அவன் மனைவி மாதம்மாளுக்குத்தான் சரியில்லை.

"ரத்தம் நிக்கல சார். நர்சம்மா வச்சிருந்த ஊசி மருந்து தீந்து போச்சி. நீலப் பெட்டில இருக்கறத எடுத்தாரச் சொல்லிச்சி."

துணை சுகாதார நிலையத்தின் சாவி வீட்டில்தான் தொங்கியது. நீலப் பெட்டியிலிருந்த கண்ணாடிக் குப்பிகளைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு இருவரும் ஓடினார்கள். ஆற்றங்கரைக்கு வந்து பார்த்தால் மரப்பாலம் இல்லை. செந்தண்ணீர் இரண்டு பக்கத்துக் கொல்லைகளையும் விழுங்கிக்கொண்டு போனது.

"இப்பத்தான இதுமேல நடந்து வந்தேன்" என்றான் மாதையன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னான்.

எதிர்க்கரையில் அவன் அக்கா பெரியம்மாள் காத்து நின்றாள். ஆள் தெரிந்தது, முகம் தெரியவில்லை. மருந்தை எறியமுடியுமா என்று பார்க்க மாதையன் கவணில் ஒரு கல்லை வைத்துச் சுழற்றி விட்டான். அது பாதித் தண்ணீரில் விழுந்தது. இன்னொரு கல்லும் அங்கேதான் விழுந்தது. ஆலங்காயத்துப் பக்கம் இறங்கிச் சுற்றி வந்தால் நாள் முழுக்க ஆகும். அதுவரை மாதம்மாள் தாங்கமாட்டாள்.

தாண்டவராயன் விறுவிறுவென்று வீட்டைப் பார்க்க நடந்தான். பிறகு ஓடினான்.

அவன் விமானப்படையில் ரேடியோ பிரிவில் இருந்து வந்தவன். இப்போது மலையில் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். கப்பலில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் ஜப்பான் ரிமோட் ஒன்றை வாங்கிவந்து கொடுக்க, மேலும் கீழுமாக இரட்டை இறக்கை வைத்த மாடல் விமானம் ஒன்றைச் செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அறுத்த சாமைக் கொல்லையில் பறக்கவிடுவான். ஒரு இடத்தில் குந்தமுடியாத மனுசனுக்கு இது ஒன்றுதான் குறைச்சல் என்பாள் வடிவு.

விமானத்தை மேசைமேல் வைத்து இறக்கையைக் கழற்றியபோதுதான் சிக்கல் புரிந்தது. ரிமோட்டில் இருந்தது நாலே சேனல். ஒவ்வொரு சேனலும் உள்ளே ஒரு சர்வோவை ஆட்டும். சர்வோ என்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. அதன் தலையிலிருக்கும் சின்னக் கை திரும்பும்போது, அதில் கோத்த கம்பி எதையாவது இழுக்கும். ஒன்று எஞ்சினுக்கு. ஒன்று மூக்கைத் தூக்கவும் இறக்கவும். ஒன்று வாலிலிருக்கும் சுக்கானுக்கு. ஒன்று இறக்கை ஓரத்துத் தகடுகளுக்கு. விமானம் ஒருபக்கம் சாய்ந்தால் அதுதான் நிமிர்த்தும். மருந்தை அந்தக் கரையில் விடவேண்டுமென்றால் ஐந்தாவதாக ஒன்று வேண்டும். அப்படி ஒன்று இல்லை.

எதைக் கழற்றுவது? மேல் இறக்கையின் இரண்டு நுனியும் லேசாக மேல்நோக்கி வளைந்திருந்ததால், விமானம் ஓரளவுக்குத் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். சுக்கானை மட்டும் வைத்தும் திருப்பலாம், சோம்பலாகத் திரும்பும். நாலாவது சர்வோவை இறக்கையிலிருந்து பிடுங்கி அடிவயிற்றில் ரப்பர் வைத்துக் கட்டினான். மருந்து வைக்க ஒரு சோப்பு டப்பாவை எடுத்து, அதில் கட்டிய கயிற்றைக் கம்பி நுனியில் மாட்டினான். ரிமோட்டின் வலது குச்சியை முழுசாக வலப்பக்கம் தள்ளினால் கம்பி பின்வாங்கும், டப்பா விழும். அவசரத்தில் ஸ்குரு இரண்டு முறை கீழே விழுந்தது. கரண்ட் போய் நாளாகியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ஏற்றிய பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

குப்பிகளில் பாதியைப் பஞ்சோடு டப்பாவில் வைத்தான். மீதியையும் பஞ்சில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டினான்.

கரையில் மாதையன் ஓரிடத்தில் நிற்காமல் சேற்றை மிதித்துக்கொண்டிருந்தான். விமானத்தைப் பார்த்ததும் ஓடிவந்தான். எப்படிப் பிடிக்கவேண்டும், எப்படித் தள்ளவேண்டும் என்று தாண்டவராயன் காட்டியதும் தலையை ஆட்டினான். எஞ்சின் அலறியது. மாதையன் ஓடி, காற்றில் தள்ளி விட்டான். விமானம் ஒருமுறை தாழ்ந்து, பிறகு ஏறியது.

ஆற்றுக்கு நடுவே போனபோது பள்ளத்துக் காற்று வலது இறக்கையை அடியிலிருந்து தூக்கியது. தாண்டவராயன் யோசிக்கவே இல்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளின் பழக்கத்தில் அவன் விரல் வலது குச்சியை முழுசாக வலப்பக்கம் தள்ளியது. விமானம் நிமிரவில்லை. டப்பா மட்டும் கழன்று, வெள்ளையாகச் சுழன்று, தண்ணீரில் விழுந்தது.

எப்படியோ விமானத்தைத் திருப்பி இந்தக் கரைச் சேற்றில் இறக்கினான். முன்விசிறி உடைந்தது.

மாதையன் தண்ணீரையே பார்த்தான். "வுழுந்துட்ச்சே சார்."

"என் கைதான் வுட்டுது" என்றான் தாண்டவராயன். "மெஷின்மேல தப்பு இல்ல."

மாதையன் ஆற்றை நோக்கி நடந்தான். முழங்கால் தண்ணீர் வரைக்கும் போய்விட்டான். தாண்டவராயன் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. இருவரும் சேற்றில் விழுந்தார்கள். மாதையன் திமிறினான். தாண்டவராயன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டி, பாதி மருந்து இன்னும் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அடங்கினான்.

இந்த முறை தாண்டவராயன் தன் கையை நம்பவில்லை. காற்று அடித்தால் வலது விரல் வலது குச்சிக்குத்தான் ஓடும், அதை யாராலும் தடுக்கமுடியாது. அப்படியானால் அந்தக் குச்சி விமானத்தைத் திருப்புவதாக இருக்கட்டும். உள்ளேயிருந்த ரிசீவரில் இரண்டு பிளக்குகளைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினான். இப்போது வலது குச்சிக்குச் சுக்கான், இடது குச்சிக்கு டப்பா.

கருவிப் பையிலிருந்த மாற்று விசிறியைப் பொருத்தி, ஸ்குரு வைத்திருந்த டப்பாவைக் காலிசெய்து கயிற்றில் கட்டி, ரிமோட்டைப் போட்டுப் பார்த்தான். வலப்பக்கம் தள்ளினால் சுக்கான் இடப்பக்கம் திரும்பியது. பிளக் மாறியதில் திசையும் மாறிப்போயிருந்தது. இப்படியே விட்டால் ஆற்றைத் தாண்டுவதற்குள் கவிழ்ந்துவிடும். சர்வோவின் கைக்கு இரண்டு பக்கமும் துளை உண்டு. கம்பியை இந்தப் பக்கத் துளையிலிருந்து எடுத்து அந்தப் பக்கத் துளையில் மாட்டினால் திசை சரியாகிவிடும். சின்ன வேலைதான். ஈரக் கையில் அந்தக் கம்பி நுனி துளைக்குள் போவேனா என்றது.

"ஆச்சா சார்?" என்று மாதையன் கேட்டுக்கொண்டே இருந்தான். தாண்டவராயன் பல்லைக் கடித்துக்கொண்டான். வடிவு அந்தக் குடிசைக்குள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. மருந்து இல்லாமல், இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிக்கொண்டு, கதவைப் பார்த்துப் பார்த்து. கம்பி உள்ளே போனது.

வலம் தள்ளினான், வலம் திரும்பியது. இடம் தள்ளினான், இடம் திரும்பியது. இடது குச்சியைத் தள்ளினான், காலி டப்பா கீழே விழுந்தது. அதை எடுத்து மருந்தை வைத்து, மறுபடி மாட்டினான்.

மாதையன் தள்ளிவிட்ட வேகத்தில் விமானம் சீறிக்கொண்டு போனது. அதே பள்ளத்துக் காற்று அதே இடத்தில் தூக்கியது. வலது விரல் ஓடியது. விமானம் சோம்பலாக, ஆனால் சொன்னபடி திரும்பி, நிமிர்ந்து போனது. எதிர்க்கரையில் கேழ்வரகுக் கொல்லைக்கு மேலே வந்ததும் தாண்டவராயன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது குச்சியைத் தள்ளினான்.

மாதையன் இரண்டு கையையும் வாயருகே குவித்து மலைக்குரலில் கூவினான். பெரியம்மாள் சேலையை வாரிச் செருகிக்கொண்டு கேழ்வரகுக்குள் ஓடினாள். குனிந்தாள். நிமிர்ந்தபோது கையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் மேட்டில் ஏறி மறைந்தாள்.

திரும்பும் வழியில் எஞ்சின் நின்றுபோனது. எரிபொருள் தீர்ந்திருக்கவேண்டும். விமானம் இறங்கி இறங்கித் தண்ணீரைத் தொட்டது, ஒருமுறை புரண்டது, போய்விட்டது. தாண்டவராயன் ரிமோட்டைக் கீழே வைத்தான்.

அதன்பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. கரையோரம் மேலும் கீழும் நடந்தான். மாதையன் கல் மேல் உட்காருவான், எழுந்திருப்பான், கவணை அவிழ்ப்பான், கட்டுவான். குப்பிகள் உடைந்திருந்தால்? உடையாமலிருந்தும் நேரம் தப்பியிருந்தால்? மழை நின்றது, மறுபடி பிடித்தது. இருவரும் ஒதுங்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பெரியம்மாள் மேட்டில் தெரிந்தாள். நீளமாக ஏதோ கூவினாள். தாண்டவராயனுக்கு ஆற்றின் இரைச்சல்தான் கேட்டது. மாதையன் காதை அந்தப் பக்கம் திருப்பி அசையாமல் நின்றான்.

"இன்னா சொல்லுது?"

"கஞ்சி கேக்கறாளாம் சார்" என்றான் மாதையன். "எங்கூட்டுப் பொம்பள, கஞ்சி குடுன்னு கேக்கறாளாம்." அப்படியே சேற்றில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

வடிவைப் பற்றிக் கேட்கச் சொல்லத் தாண்டவராயனுக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துக் கேட்கச் சொன்னான். மாதையன் எழுந்து கூவினான். பதில் வந்தது. நர்சம்மா சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டதாம், யாரும் எழுப்பவில்லையாம்.

மறுநாள் காலை தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் மாதையன்தான் முதலில் ஆற்றில் கால் வைத்தான். தாண்டவராயன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினான்.