கழிப்பறை எழுத மறந்தவள்

எனிட் ஹார்க்னஸின் முதல் நாவல் கடைக்கு வந்த வியாழக்கிழமை காலையில், சேப்பல் வீதியின் மேற்குக் கோடியில், முந்தின நாள் வரை முட்டைக்கோஸ் விளைந்த நிலத்தில், ஒரு செங்கல் வீடு நின்றது. புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே நாவலில் வரும் போதகர் எஸ்ரா பிக்கர்ட் பத்திரிகை படித்துக்கொண்டிருக்க, அவர் மனைவி பன்றி இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தாள். தபால்காரர் வந்து பார்த்துவிட்டு, வீதியின் அடுத்த எண்ணை அந்தக் கதவில் எழுதிவிட்டுப் போனார். அந்த வாரம் முட்டைக்கோஸ் விலை சற்று ஏறியது. ஊரில் அதைத்தான் பேசினார்கள்.

ஊர் ஸ்கார்பி, யார்க்‌ஷயரின் கிழக்குக் கரையில், களிமண் மேட்டின் மேல் இருக்கிறது. அங்கே கடல் ஒவ்வொரு குளிர்காலத்திலும் நிலத்தைத் தின்னும். வீதியின் கிழக்குக் கோடியில் ஒரு வீடு விழுவதும் மேற்குக் கோடியில் எனிட்டின் புத்தகத்தால் ஒரு வீடு முளைப்பதும் ஏறக்குறைய ஈடாகிப்போனதால், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதிதாய் வந்தவர்களுக்கு ஒரு கேக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்பது அங்கே மரியாதை இல்லை. நாவலில் கொலை செய்துவிட்டுத் தப்பித்த பல்வைத்தியர் குடிவந்தபோதும் கேக் போயிற்று. கொஞ்சம் சிறிய கேக்.

எனிட்டின் அக்கா பெரில் கிழக்குக் கோடியில், அப்போது கடலிலிருந்து சில வீடுகள் தள்ளி இருந்தாள். கடற்கரை மண்டபத்தில் பிங்கோ ஆட்டத்துக்கு முப்பது வருடம் எண் கூவிய தொண்டை அவளுடையது. தங்கையின் புத்தகம் ஒன்றைக்கூட அவள் படித்ததில்லை. பிக்கர்ட் வீட்டுக்கு முதல் கேக்கைக் கொண்டுபோனவள் அவள்தான். திருமதி பிக்கர்ட் அதை வாங்கிக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

“தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுல அந்த இடம் எங்க இருக்குன்னு தெரியலை.”

“எந்த இடம்?”

“அந்த இடம்தான்.”

பெரில் வீடு முழுக்கத் தேடினாள். புத்தக அலமாரி இருந்தது, பியானோ இருந்தது, மழையைப் பார்த்து ஏங்குவதற்கு ஒரு ஜன்னல் இருந்தது. கழிப்பறை இல்லை. காரணம் எளிது. எனிட்டின் மனிதர்கள் காதலித்தார்கள், துக்கப்பட்டார்கள், நாலு வேளை தேநீர் குடித்தார்கள். ஒருவரும் ஒருநாளும் ஒதுங்கப் போனதாக அவள் எழுதவில்லை. ஒழுங்கான தாய்க்குப் பிறந்த, தேவாலயத்தில் வளர்ந்த ஆங்கிலப் பெண் அதை எழுதமாட்டாள். அது அவளுக்கு விட்டுப்போனதாகக்கூடத் தோன்றவில்லை.

குழாய்க்காரனை அழைத்து ஒன்று கட்டிப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் அந்த இடத்தில் பழைய சுவரும் சுவர்த்தாளும் இருந்தன. புத்தகத்தில் இல்லாதது அந்த வீடுகளில் தங்குவதில்லை. பல்வைத்தியர் வீட்டு மாடியில் ஒரு பயணி வாடகைக்குப் படுத்தான். விடிந்தபோது போர்வையோடு நடைபாதையில் கிடந்தான். ஆகவே எனிட்டின் ஆட்கள் எல்லோரும், புத்தகம் வர வர நீண்டுகொண்டே போன வரிசையாய், வீதியின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நடந்து, பெரிலின் தோட்டத்துக் கழிப்பறைக்கு வந்தார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் கூச்சப்பட்டார்கள். பெரிலுக்குக் கூச்சம் கிடையாது.

“இத்தனை புத்தகம் எழுதிட்டே. ஒருத்தனையாவது போக விட்டியாடி?” என்பாள்.

“நாவல்ல அதெல்லாம் யாரும் எழுத மாட்டாங்கக்கா.”

“எழுத மாட்டாங்க. ஆனா என் ரோஜாச் செடிக்குப் பக்கத்துல வரிசையா நிப்பாங்க.”

வருடங்கள் போயின. எனிட்டுக்கு லண்டனில் பரிசு கிடைத்தது, அமெரிக்காவில் பெயர் வந்தது, பள்ளிப் பிள்ளைகள் அவள் நாவலைப் படித்துத் தேர்வு எழுதினார்கள். அவள் ஸ்கார்பியை விட்டு நகரவில்லை. தன்னால் எழுத முடியுமா என்ற சந்தேகம் அவளுக்கு ஒருபோதும் வந்ததில்லை. தச்சனுக்கு மேசை வருமா என்ற சந்தேகம் வருவதில்லை அல்லவா, அதுபோல. பிறகு, கிழக்கே இருந்த வீடுகள் ஒவ்வொன்றாய் விழுந்து முடிந்த ஒரு பிப்ரவரியில், கடல் பெரிலின் ரோஜாச் செடியையும் கழிப்பறையையும் எடுத்துக்கொண்டது. எஸ்ரா பிக்கர்ட் அப்போதுதான் அதிலிருந்து வெளியே வந்திருந்தார். கதவின் தாழ்ப்பாள் மட்டும் அவர் கையில் மிஞ்சியது. அன்றிலிருந்து வரிசை எனிட்டின் வீட்டுக்கு மாறியது.

நகரசபை ஆள் வந்து, பெரிலின் வீடு அடுத்த குளிர்காலம் தாங்காது என்றார். உள்நாட்டு ஊரில் எட்டாவது மாடியில் ஓர் இடம் தருவதாகச் சொன்னார்.

“எட்டாவது மாடியா? நான் என்ன புறாவா?” என்றாள் பெரில்.

எனிட் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். பெரில் ஒரு வாரம் இருந்து பார்த்தாள். டைப்ரைட்டர் சத்தம் ஆகவில்லை. அதைவிட, தங்கை தன்னை வார்த்தை வார்த்தையாய்ப் பார்ப்பதுபோலத் தோன்றியது. துணிப்பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். போகும்போது, “என்னை எந்தப் புத்தகத்துலயும் போட்டுராதே. உன் ஆளுங்க எல்லாரும் கடைசிப் பக்கத்துல ஜன்னல்கிட்ட நின்னு அழுவுறாங்களாம். எனக்கு வேற வேலை இருக்கு” என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். எனிட்டுக்கும் அந்தப் பயம் உண்டு. பெயர் எழுதினால் அந்தப் பெயரில் ஓர் ஆள் வீட்டோடு வந்துவிடுவாள். வீதிக்கு இரண்டு பெரில் தாங்காது.

ஆகவே எனிட் ஒன்பதாவது நாவலில் ஆளே இல்லாத ஒரு வீட்டை எழுத உட்கார்ந்தாள். யாரோ ஒருத்தி வரப்போகிறாள் என்று வீடு காத்திருக்கிறது. அவள் யார், எப்படி இருப்பாள் என்று புத்தகம் சொல்வதில்லை. அடுப்பு எழுதினாள், நீலக் கதவு எழுதினாள், முழங்கால் வலிக்குத் தோதாக மாடிப்படியில் கைப்பிடி எழுதினாள். பிறகு கழிப்பறைக்கு வந்தாள். முதல் வரியில் கன்னம் சிவந்து, டைப்ரைட்டரை விட்டு எழுந்து தேநீர் போட்டாள். இரண்டாம் வரியில் சிவப்பு போயிற்று. அது ஒரு முழு அத்தியாயம் ஆனது: ஒரே இழுப்பில் தண்ணீர் வரும் சங்கிலி, ஜனவரியிலும் சில்லிடாத மர இருக்கை, கடல் தெரியும் சின்ன ஜன்னல். வேகத்தில் தோட்டத்தில் இன்னொன்றும் எழுதிவிட்டாள். அவள் எழுதியதிலேயே சிறந்த அத்தியாயம் அது என்று பிற்பாடு விமரிசகர்கள் சொன்னார்கள்.

அவளுடைய முதல் புத்தகத்திலிருந்து பதிப்பாசிரியராக இருந்த ஜைல்ஸ் லண்டனிலிருந்து ரயிலேறி வந்தார். அவர் வந்த அன்று கடல் பெரிலின் பின்வாசல் படி வரைக்கும் வந்திருந்தது.

“பிரமாதம், எனிட். ஆனா யாருமே வரலையே.”

“வருவாங்க.”

“எப்போ?”

“புத்தகம் கடைக்கு வந்த பிறகு.”

ஜைல்ஸ் சிரித்துவிட்டு, மூன்றாம் அத்தியாயத்தில் மனைவியை இழந்த ஒருவரையும் ஒரு நாயையும் குடிவைத்தால் போதும் என்றார். பரிசுக் குழுவுக்கு நாய் பிடிக்கும். ஆள் இல்லாமல் அச்சடிக்க மேலிடம் ஒத்துக்கொள்ளாது. எனிட் அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றினாள். நாயும் ஆளும் குடிவந்தால் பெரில் நடைபாதையில் கிடப்பாள் என்பதை அவள் விளக்கவில்லை. “ஒரு எழுத்து மாத்த மாட்டேன், ஜைல்ஸ். இன்னும் கொஞ்சம் குடிங்க” என்றாள். நாலாவது கோப்பை முடிந்ததும் அவர் எழுந்து, கை கழுவ வேண்டும் என்றார்.

மாடியில் வரிசை நின்றது. பல்வைத்தியர், ஒரு கப்பல் தளபதி, முறைதவறிக் காதலித்த இருவர், கடைசியில் திருமதி பிக்கர்ட். எல்லோருமே ஜைல்ஸ் தன் கையால் திருத்தி அனுப்பியவர்கள்தான். உயிர் போனாலும் அவர் வரிசையை மீறும் ஆள் இல்லை. போய் அவள் பின்னால் நின்றார்.

“நீங்களும் எழுதுறவரா, தம்பி?” என்று கேட்டாள் திருமதி பிக்கர்ட்.

“இல்லைங்க. எழுதுனதைத் திருத்துறவன்.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “ஓகோ. அப்ப அந்த இடம் விட்டுப்போனது உங்க கண்ணுலயும் படலையா?”

தளபதி உள்ளே நிதானமாக நேரம் எடுத்துக்கொண்டார். ஜைல்ஸ் கீழே வந்தபோது முகம் வேர்த்திருந்தது. நாயைப் பற்றி மறுபடி பேசவில்லை. கைப்பிரதியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, அப்படியே அச்சுக்குப் போகும், மேலிடத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த அத்தியாயத்தை மட்டும் தொடக்கூடாது என்று அச்சகத்துக்குத் தனியாக எழுதினார் என்றும் சொல்வார்கள்.

நாவல் கடைக்கு வந்த காலையில் மேற்குக் கோடியில் நீலக் கதவு வீடு நின்றது. பெரில் கெட்டிலை ஒரு கையிலும் சுருட்டிய தரைவிரிப்பை மறு கையிலும் எடுத்துக்கொண்டு வீதியோடு நடந்தாள். அவள் பாதி வழி போவதற்குள் பழைய வீடு சாய்ந்து, சாத்திய கதவோடு கடலுக்குள் போயிற்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “அந்தக் கூரை எப்பவும் ஒழுகும்” என்றாள்.

மறுநாள் விடியும்போது வீதி முழுக்க நீலக் கதவின் எதிரே நின்றது. எஸ்ரா பிக்கர்ட் கையில் கம்பளியும் சுடுநீர்ப் பையும் தயாராக வைத்திருந்தார். எனிட் வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் எழுதியதை நம்பாமல், நடைபாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நடைபாதையில் பனித்துளி தவிர ஒன்றும் இல்லை. கதவு திறந்தது. பெரில் இரவு உடுப்பில் நின்றாள்.

“என்னடி எல்லாரும் சாவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க? ஜன்னல்ல காத்து அடிக்குது எனிட். ராத்திரி பூரா. ஜன்னல்கூட ஒழுங்கா எழுதத் தெரியலையா உனக்கு?”

எனிட் அழுதாள் என்கிறார்கள்; அவள் தும்மியதாகச் சொல்வாள். பெரில் வரிசையைப் பார்த்தாள். “உள்ள ஒண்ணு, தோட்டத்துல ஒண்ணு. அவசரக்காரங்க தோட்டத்துக்குப் போங்க. தளபதி, நீங்க கடைசி.”

மதியம் ஜைல்ஸ் தொலைபேசியில் அழைத்தார். கடைகளில் இருந்த பிரதிகள், வாங்கிப்போனவர்கள் வீட்டில் இருந்த பிரதிகள், எல்லாவற்றிலும் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி கூடியிருந்தது. ஒருத்தி கதவைத் திறந்து, ஜன்னலில் காற்று வருகிறது என்று சத்தம் போடுகிறாள். பெயர் சொல்லப்படவில்லை. ஜன்னல் பக்கம் நின்று அவள் அழவும் இல்லை. கடைசியில் ஆளை வைத்துவிட்டீர்களே, நன்றாக இருக்கிறது என்றார் ஜைல்ஸ். எனிட் நன்றி சொன்னாள். பெரில் அந்தப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, பரவாயில்லை என்றாள். இரண்டாம் பதிப்பில் அந்தப் பத்தியையும் சேர்த்தே அச்சடித்தார்கள். விலை மாறவில்லை.