புத்தகத்தில் இல்லாத தீர்ப்பு

ஆந்திர எல்லையிலுள்ள நகரியிலிருந்து புத்தூர் கோர்ட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், தடித்த சட்டப் புத்தகம் ஒன்றை விரித்துப் பிடித்தபடி யாமினி கூடத்துக்கு வந்தாள்.

"நைனா, நீ எழுதின பக்க நம்பர்ல பஞ்சு மூட்டை கேசு இருக்குது. வழித் தகராறு தீர்ப்பு எங்க?"

அவள் அப்பா, வக்கீல் பாலசுந்தரம், கழுத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"ஒழுங்கா பாரு."

"பாத்துட்டேன். கம்ப்யூட்டர்லயும் தேடிட்டேன். அந்தப் பேர்ல கேசே கிடையாது. எங்கேர்ந்து எடுத்த?"

அவர் மேஜைமேல் கிடந்த செல்போனைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"ஐயோ நைனா! ஏ.ஐ. கிட்ட கேட்டியா?"

போன மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. பொடி எழுத்து இன்னும் பிடிபடவில்லை. பெற்ற மகளும் வக்கீல்தான், பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். ஆனாலும் அவளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல மனசு வரவில்லை. செல்போனிடம் கேட்டார். அது கட்சிக்காரர் பெயர், வருஷம், பக்கம் எல்லாம் சேர்த்துக் கணீரென்று வாசித்துக் காட்டியது. யாமினி எழுதி முடித்திருந்த வாதுரையில் அதைத் தன் கையால் சேர்த்து, கையெழுத்துப் போட்டு, போன வாரமே கோர்ட்டுக்கும் எதிர்க்கட்சிக்கும் அனுப்பிவிட்டார்.

புத்தகத்தை மேஜைமேல் வைக்காமல் எந்தத் தீர்ப்பையும் கோர்ட்டில் எடுத்துச் சொல்வதில்லை என்பது அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டு வழக்கம். அவர்கள் பக்க எண் சொன்னால் எதிர்க்கட்சி வக்கீல்கூடப் புரட்டிப் பார்ப்பதில்லை. அந்தப் பெயர்தான் இன்று சந்தி சிரிக்கப் போகிறது. பொய்த் தீர்ப்பு காட்டியவன் என்று பார் கவுன்சிலுக்கு எழுதிவிட்டால், வாசலில் தொங்கும் போர்டைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

காரில் யாமினி மெதுவாகச் சொன்னாள். "நான்தான் சேத்தேன்னு சொல்லிட்றேன். சின்னவ, தெரியாம செஞ்சிட்டான்னு விட்டுடுவாங்க. நீ எழுந்து சொன்னா பார் ரூம் பூரா இதையே பேசிக்கினு இருப்பாங்க."

ஒரு நிமிஷம் அவருக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தன் பெயர் தப்பிக்கும். அடுத்த நிமிஷம் அந்த நினைப்பே கூசியது. இனி அந்தப் பெயரைச் சுமக்கப்போகிறவள் அவள்தானே.

"கையெழுத்து என்னுது. வாயும் என்னுதாதான் இருக்கணும்," என்றார்.

கட்சிக்காரி விஜயபுரம் வெங்கடம்மா கோர்ட் வேப்பமரத்தடியில் காத்திருந்தாள். அவளுடைய வேர்க்கடலை நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதையில் பக்கத்து நிலத்துக்காரர் கம்பி வேலி போட்டுவிட்டார். அந்த வழக்கில் இன்று கடைசி வாதம்.

"ஐயா, இன்னிக்கு முடிஞ்சிடுமா?"

"உள்ள வந்து உக்காரும்மா," என்றார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வழக்கைக் கூப்பிட்டதும் முதல் ஆளாக எழுந்தார். ஒன்பதாம் பத்தியில் சொன்ன தீர்ப்பு எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஏ.ஐ. சொன்னதைச் சரிபார்க்காமல் எழுதியது தன் தவறு, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று தெலுங்கில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

நீதிபதி அம்மா அவரை உடனே ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கி எதிர்க்கட்சி வக்கீல் சுரேஷ்பாபுவைப் பார்த்தார்.

"உங்கள் பதிலுரையில், 'அந்தத் தீர்ப்பை முழுவதும் படித்தோம், அது எங்கள் கட்சிக்கே சாதகமானது' என்று எழுதியிருக்கிறீர்களே. எங்கே படித்தீர்கள்?"

சுரேஷ்பாபு எழுந்தார். தன் பதிலுரையைப் புரட்டினார். கடைசியில், "பாலசுந்தரம் ஐயா ஆபீஸ்ல பக்க நம்பர் சொன்னா நாங்க புரட்டிப் பாக்கறதில்லைங்க மேடம். சுருக்கம் மட்டும்... போன்ல ஏ.ஐ. கிட்ட கேட்டேன்," என்றார்.

பின்பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். நீதிபதிக்கும் உதடு துடித்தது. பிறகு குரல் கண்டிப்பானது. இரண்டு பேரும் அந்தப் பத்தியை நீக்கித் திருத்திய வாதுரையை இன்றே தர வேண்டும், இன்னொரு முறை நடந்தால் மேலே எழுதுவேன் என்றார். அப்புறம் பாலசுந்தரத்தைப் பார்த்து, "நாங்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீங்களே சொன்னீர்கள். அது போதும். கிராம வரைபடத்தை எடுங்கள், வாதத்துக்கு வருவோம்," என்றார்.

எப்போது உட்கார்ந்தோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. யாமினி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வரைபடத்தையும் சாட்சிகளையும் வைத்து அவளே மீதி வாதத்தை முடித்தாள். தீர்ப்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அதுவரை வண்டி போக வேலியில் வழி விட வேண்டும் என்று உத்தரவானது. வெங்கடம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வராந்தாவில் சுரேஷ்பாபு பின்னாலேயே வந்தார்.

"அண்ணா, உங்க போன்ல அந்தக் கேசுல யாரு கெலிச்சாங்க?"

"வழி கேட்டவங்க."

"என்னுதுல வேலி போட்டவன் கெலிச்சிட்டான்!"

பாலசுந்தரம் கோர்ட் வளாகத்தில் சத்தம் போட்டுச் சிரிக்கிறவர் அல்ல. இன்று சிரித்தார்.

திரும்பும்போது காரை யாமினிதான் ஓட்டினாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. அவர் பின்சீட்டிலிருந்த புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"கேட்டு தெறக்கறதுக்குள்ள அந்தப் பஞ்சு மூட்டை கேசை எனக்குப் படிச்சுக் காட்டு. அதுலயாவது யாரு கெலிச்சான்னு கேக்கலாம்."

யாமினி பக்கத்தைத் தேடிப் பிரித்து வாசிக்கத் தொடங்கினாள். அவர் கழுத்துப் பட்டையை அவிழ்த்துவிட்டுச் சாய்ந்துகொண்டார்.