ஐம்பது மீட்டர் ஆழத்துக் குளிர்

1968-ஆம் ஆண்டு ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை. வானம் தெளிவாக இருந்தது. மேற்கிலிருந்து மெல்லிய காற்று. கடல் அமைதி. காலை எட்டு மணிக்கு நிழலில் வெப்பம் இருபத்தொன்பது பாகை.

அந்நேரத்தில் போர்ட் பிளேயரின் ஹேடோ துறைமுகக் கொட்டகையில் அமர்ந்து, என் தங்கை மரகதத்தின் தகரப் பெட்டியின்மீது வெள்ளை வண்ணத்தால் முகவரி எழுதிக்கொண்டிருந்தேன். மூக்கையூர், இராமநாதபுரம் மாவட்டம். எழுத்துகள் ஒரே உயரத்தில் அமைய வேண்டும் என்பதற்காக நூல் பிடித்துக் கோடு இழுத்திருந்தேன். மரகதம் அருகில் நின்று பிற பெண்களிடம் பெருமை பேசினாள்.

"எங்கண்ணன் எழுத்து. முப்பத்தாறு வயசுல சிலேட்டு தூக்கிட்டுப் போயி படிச்சுது. அச்சடிச்ச மாதிரி இருக்குல்ல?"

அதன்பின் மற்றப் பதினொரு குடும்பங்களும் தத்தம் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தன. பன்னிரண்டு பெட்டிகளிலும் நானே எழுதினேன். அவர்கள் அனைவரும் தீவை விட்டுப் போவதற்குக் காரணம் நானே என்பதை அக்கொட்டகையில் என்னைத் தவிர எவரும் அறிந்திருக்கவில்லை.

நிகழ்ந்ததை வரிசைப்படி கூறுவது என் கடமை. தெற்கு அந்தமானின் மேற்குக் கரையில் பன்னிரண்டு மீனவக் குடும்பங்களை அரசு குடியமர்த்தியிருந்தது. அவர்கள் பிடித்த மீன் போர்ட் பிளேயர் சந்தைக்கு வந்து சேருமுன் கெட்டுவிடும். ஆகவே ஒரு பனிக்கட்டி ஆலை தேவைப்பட்டது. ஆலையோ ஒன்றுதான். அதை மேற்குக் கரையில் அமைப்பதா, வேறு தீவில் அமைப்பதா என்பதைக் கடலின் வளத்தைக் கணக்கிட்ட பின்பே முடிவு செய்வார்கள். அக்கணக்குக்கான அளவுகளை எடுக்கும் படகில் நான் உதவியாளன். படகோட்டி ஜெய்னுலாப்தீன். எங்கள் மேலதிகாரி, ஆய்வாளர் பக்தவத்சலம்.

என் வேலை எளியது. வெப்பமானி பொருத்திய உலோகக் குப்பியைக் கயிற்றில் கட்டி ஐம்பது மீட்டர் ஆழத்துக்கு இறக்க வேண்டும். பின்னர் கயிற்றின் வழியே ஓர் ஈயக் குண்டை நழுவவிட வேண்டும். குண்டு இடித்ததும் குப்பி தலைகீழாகும். வெப்பமானி அக்கணத்து அளவைப் பிடித்துக்கொள்ளும். அதை மேலே இழுத்து, படகிலேயே பென்சிலால் குறித்துக்கொண்டு, மாலையில் நல்ல தாளில் மையால் படியெடுக்க வேண்டும். இந்த அளவுகள் எதற்காக என்று பக்தவத்சலம் எனக்குக் கூறவில்லை. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் அளப்பவன் அதையே எழுதிவிடுவான் என்பது அவர் கொள்கை.

"என்ன வாத்தியாரே, கடலுக்குக் காய்ச்சலா? ரெண்டு மாத்திரை கரைச்சு ஊத்துவமா?" என்று ஜெய்னுலாப்தீன் தினமும் கேட்பார். நான் சிரித்ததில்லை. எண் எழுதும்போது சிரிப்பது தகாது என்று கருதினேன்.

சனவரி பதினேழாம் நாள் வெப்பமானி இருபத்திரண்டு காட்டியது. முந்தைய நாள் வரை இருபத்தேழு. மூன்று நாட்களாக வடக்குக் காற்று ஓயாமல் வீசிக்கொண்டிருந்தது. குப்பியை மீண்டும் இறக்கினேன். மீண்டும் இருபத்திரண்டு. முதியோர் பள்ளியில் நான் படித்த புவியியல் நூலில் வெப்பமண்டலக் கடல்கள் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானவை என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை நான் மனப்பாடமாக அறிவேன். நூல் பொய் சொல்லாது. ஆகவே பிழை என்னுடையதாகவே இருக்க வேண்டும். வயது முதிர்ந்து எழுத்துக் கற்றவனுக்கு ஒவ்வோர் எண்ணும் ஒரு தேர்வு. அன்று மாலை, தங்கையின் குடிசையில் அரிக்கேன் விளக்கின்முன் அமர்ந்து படியெடுக்கையில், இருபத்திரண்டை இருபத்தேழு என்று எழுதினேன். தாள் அழகாக இருந்தது. இவ்வாறு பதினொரு நாட்கள். ஈரம்பட்டுச் சுருங்கிய பென்சில் தாள்களை மரகதம் அடுப்பு மூட்ட எடுத்துக்கொண்டாள்.

மார்ச் இறுதியில் பக்தவத்சலம் சென்னையிலிருந்து திரும்பி, என்னை அழைத்து ஒரு பெரிய தாளை விரித்தார். அதில் கட்டங்கள் வரையப்பட்டிருந்தன. காற்று, குளிர்நீர், உரச்சத்து, கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள், சிறுமீன், பெருமீன். ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்துக்கு அம்புக்குறி. அம்புக்குறிதோறும் ஓர் எண்.

"இது காகிதத்துல ஒரு கடல்யா. காத்து கரையோரமா அடிச்சா மேல்தண்ணி வெளிய போகும், அடியில இருக்கற குளிர்தண்ணி ஏறி வரும். அதுலதான் உரம் இருக்கு. குளிரு வந்தா மீனு வரும். நம்ம கரையில வரவே இல்ல. குளிர்தண்ணிக் கட்டத்துல பூஜ்ஜியம் போட்டா, கடைசிக் கட்டமும் பூஜ்ஜியம்தானே. ஆலை வேற தீவுக்குப் போவுது."

நான் அந்த இரண்டாவது கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் என் எண்கள் இருந்தன. வரிசை தப்பாத, அடித்தல் திருத்தல் இல்லாத, என் இருபத்தேழுகள்.

அன்றே கூறியிருக்கலாம். கூறவில்லை. வேலை போகும் என்று அஞ்சினேன் என்பது பாதி உண்மை. தப்பாக எழுதியவன் என்று பெயர் எடுப்பதை அதைவிட அதிகமாக அஞ்சினேன். ஆலை இல்லாத குடியிருப்பைக் கலைக்க ஆணை வந்தது. கப்பலுக்கு நாள் குறித்தார்கள்.

ஏப்ரல் ஒன்பதாம் நாள், பன்னிரண்டாவது பெட்டியை எழுதி முடித்ததும் பக்தவத்சலத்தின் குடியிருப்புக்கு நடந்தேன். வாசலில் நின்றபடியே அனைத்தையும் கூறினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"பென்சில் தாள் எங்க?"

"அடுப்புல போயிருச்சுங்க. ஆனா எனக்கு ஞாபகம் இருக்குங்க. எழுதித் தாரேன்."

"இன்னிக்கு நீ எழுதிக் குடுக்கறத எவன்யா நம்புவான்? நானே நம்ப முடியாதே." அவர் குரல் உயரவில்லை. "வடக்குக் காத்து இனி டிசம்பர்லதான். அப்ப அளக்கலாம். அதுவரைக்கும் அந்த ஜனங்க எதத் தின்னும்? போ. கப்பல் சாயங்காலம் கெளம்புது."

துறைமுகத்தில் கூட்டம் நெரிந்தது. "ஜல்தி, ஜல்தி" என்று காவலர் கத்திக்கொண்டிருந்தார். ஏணிப்படியின் அடியில் என் தங்கை கணவர் உதயசூரியன் வலை மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவரை ஓரமாக இழுத்துச் சென்றேன்.

"மாப்ள, தையில தண்ணி குளுந்துச்சா?"

"குளுந்துச்சாவா? வலை இழுத்தா கையி வெறைச்சுப் போகும். அந்த வாரந்தான் சாளை மீனு அம்புட்டு விழுந்துச்சு. பாதி அழுகிக் கடல்லயே கொட்டுனோம். ஏன் மச்சான், ஒங்க கருவிக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுச்சு. நாந்தான் மாத்தி எழுதிட்டேன்."

அவர் மூட்டையை இறக்கவில்லை. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மரகதத்துகிட்ட சொல்லிட்டீகளா?"

"இல்ல."

"சொல்லாதீக. அவ ஊருல போயி பேசிக்கிறதுக்கு ஒங்க படிப்பு ஒண்ணுதான் மிச்சமிருக்கு." படியில் கால் வைத்தவர் திரும்பாமலே சொன்னார். "எனக்குக் கடுதாசி மட்டும் போட்டுறாதீக மச்சான்."

மேல்தளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மரகதம் கையசைத்தாள். ஏதோ கூவினாள். சங்கொலியில் அது கேட்கவில்லை. வடங்கள் அவிழ்ந்தன. கப்பலின் பின்புறத்தில் சுழலி திரும்பத் தொடங்கியதும், துறைமுகத்தின் அடிநீர் சேறும் நுரையுமாகக் குமுறி மேலே ஏறியது. எங்கிருந்தோ சிறுமீன்கள் அதில் வந்து கூடின. அவற்றின்மேல் ஆலாப் பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து எழுந்தன. கப்பலுக்கும் கரைக்கும் இடையே அந்தக் கலங்கல் நீர் அகன்றுகொண்டே சென்றது. அப்போது மணி நான்கு நாற்பத்திரண்டு.