வலது கீழ்மூலையில் ஓர் எண்

நகத்தடியில் இருந்த நீலம் போவேனா என்றது. துணியை டர்பன்டைனில் நனைத்து நனைத்து அவள் கணவரின் மூன்றாவது விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"விடும்மா. வேலை செஞ்ச கைதானே" என்றார் அவருடைய அண்ணன், அந்த வீட்டுக்கு மூத்தவர். பேருந்து ஓட்டுநரான அவர், சேதி கேட்டதும் வண்டியை டிப்போவில் ஒப்படைத்துவிட்டுச் சீருடையோடு வந்திருந்தார்.

அவள் விடவில்லை. இருபது வருடமாகக் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள் என்று கத்தியும் கேட்காத மனிதர். இன்றைக்குத்தான் கையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் படுத்திருக்கிறார். விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவர் பெயிண்டர்தான். கடைப் பலகை எழுதுகிறவர்.

ஆணியில் தொங்கிய சட்டைப்பையில் போன் அடித்தது. காலையிலிருந்து ஐந்தாவது முறை. யாரோ பலகைக்கு அவசரப்படுத்துகிறார்கள் என்று நினைத்து, துணியைக் கீழே வைத்துவிட்டு எடுத்தாள்.

"தலைவருங்களா?" என்றது ஒரு பெண்குரல்.

"எந்தத் தலைவர்?"

"போராட்டத் தலைவர். எங்க பிள்ளைங்க பள்ளிக்கூடத்துலயும் ரெண்டு டீச்சரை எடுத்துட்டாங்க. நாங்க என்ன பண்றதுன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டாள். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், அழுது சிவந்த கண்ணோடு காலைப் பத்திரிகையை எடுத்துவந்து முன்னால் விரித்தாள். நேற்றுப் பள்ளிக்கூட வாசலில் நடந்த போராட்டத்தின் படம், அரைப்பக்கத்துக்கு. பிள்ளைகளும் பெற்றோரும் ஆளுக்கொரு பலகையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். 'ஒரு வாத்தியார், மூன்று வகுப்பு.' 'ஆய்வகத்துக்குப் பூட்டு, யாருக்கு லாபம்?' நாற்பது பலகையும் அவர் எழுதியவை. ஒவ்வொன்றின் வலது கீழ்மூலையிலும், அச்சடித்த மாதிரி அவருடைய போன் எண் இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்திலேயே அழுகையும் வந்தது.

அது அவருடைய பழக்கம். பலகை முடிந்ததும் கை தானாக அந்த மூலைக்குப் போய்விடும். கறிக்கடைப் பலகையிலும் அந்த எண், பல் டாக்டர் பலகையிலும் அந்த எண். மகள் அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோன இதயப் படத்தின் அடியிலும் எழுதிவைக்க, டீச்சர் கூப்பிட்டு இதயம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். தொட்டிலில் எழுதாமல் விட்டதே பெரிய காரியம்.

அரசாங்கம் பள்ளிகளுக்கான பணத்தை வெட்டியதும் கணக்கு வாத்தியார் போனார், அறிவியல் டீச்சர் போனார், ஆய்வகத்தைப் பூட்டினார்கள். பெற்றோர் கூட்டம் போட்டார்கள். யார் தலைவர் என்பதில் மூன்று பேருக்கு முட்டிக்கொள்ள, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்தார்கள். பெயிண்டர் அந்தச் சண்டையில் தலையிடவில்லை. பலகை நான் எழுதுகிறேன் என்றதோடு சரி. இப்போது ஊரே அவரைத் தலைவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

"ஊருக்கு உழைச்சது போதும், நெஞ்சு வலிக்குதுன்னீங்களே, படுங்க" என்று முந்தாநாள்கூடச் சத்தம் போட்டிருந்தாள். இன்னும் நாலே பலகை என்றார். தூரிகையைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். எறியாமல் டீ போட்டுக் கொடுத்தாள்.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை அதிகாரக் குரல்.

"கல்வி அலுவலகத்துலேருந்து பேசறோம். அலுவலர் உங்களைப் பாக்கணுங்கிறார். இன்னைக்கு நாலு மணி, அஞ்சு பேருக்கு மேல வேண்டாம். நாளைக்குக் காலையில நீக்கற பணியிடங்களோட பட்டியல் மேல போயிடும். அப்புறம் வந்து கேட்டுப் பிரயோஜனம் இல்லை."

"அவர் இல்லைங்க."

"வெளிய போயிருக்காரா?"

அவள் பாயில் கிடந்த மனிதரைப் பார்த்தாள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரைப் போல முகத்தில் ஒரு திருப்தி.

"நான் வரேன்" என்றாள். "அவர் வீட்டுக்காரி."

போனை வைத்ததும் மூத்தவர் எழுந்தே விட்டார். "இன்னைக்காம்மா? ஒரு மணிக்கு அவனை எடுக்கறோம். நாலு மணிக்கு நீ ஆபீஸ் படியேறினா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேரும் அங்கதான் மாமா வரப்போறாங்க."

"வேற யாராவது போகட்டுமே."

"வேற யார் போனாலும் யார் தலைவர்னு வாசல்லயே அடிச்சுக்குவாங்க. பட்டியல் போயிடும். நான் போனா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

அவர் தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அதன் பிறகு அவள் போனைச் சட்டைப்பைக்குத் திருப்பவில்லை. மாலை கொண்டுவந்தவர்களுக்கு ஒரு கையால் இடம் காட்டிக்கொண்டே மறுகையில் போனைப் பிடித்துப் பேசினாள். எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை வாத்தியார் போனார்கள், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக் கேட்டுச் சொல்ல, மகள் பழைய நோட்டில் எழுதினாள். கடைசியில் ஒவ்வொருவரிடமும் ஒரே வார்த்தை: "நாலு மணிக்கு ஆபீஸ் வாசலுக்கு வந்துருங்க."

ஒரு மணிக்கு எடுத்தார்கள். அப்போது மட்டும் போனை அணைத்தாள். தலை சுவரில் மோத மோத அழுதாள். மகள் கையைக் குறுக்கே வைத்துத் தடுத்தாள். இரண்டரைக்குள் மயானத்துக் காரியங்களும் முடிந்துவிட்டன. முகம் கழுவி, மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போகும்போது கட்டும் புடவையையே கட்டிக்கொண்டாள். அதில்தான் அவளுக்கு நடை வரும்.

அலுவலர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். உட்காரச் சொன்னார். உள்ளே ஐந்து பேர்தான் போனார்கள்: அவள், மகள், மூத்தவர், வேறு பள்ளிகளிலிருந்து இரண்டு தாய்மார்.

"தலைவர் வரலையா?"

"காலையில தவறிட்டார்."

அவர் பேனாவை மூடினார். "அப்படின்னா இன்னொரு நாள்..."

"இன்னொரு நாள் பட்டியல் இருக்காதே சார். இன்னைக்கே பேசுவோம்."

பேசினாள். அவளுக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. ஒவ்வொரு வாசகத்தையும் எழுதுவதற்கு முன் கணவர் பத்து முறை அவளிடம் படித்துக் காட்டியிருந்தார். கணக்கு வாத்தியார் இல்லாமல் எட்டாம், ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளை ஒரே அறையில் உட்காரவைப்பதைச் சொன்னாள். பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது எட்டாம் வகுப்பு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை மகள் சொன்னாள். இது என் கையில் இல்லை, மேலிடம் என்றார் அலுவலர். மகள் நோட்டை அவர் பக்கமாகத் தள்ளினாள். பதினேழு பள்ளிகள். அவர் பக்கங்களைப் புரட்டினார். வாசலில் சத்தம் கேட்டு, எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். கேட்டிலிருந்து தெருமுனை வரை ஆட்கள் நின்றிருந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. துக்கவீட்டிலிருந்து வந்தவளுக்காக எல்லோரும் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கணக்கு வாத்தியார் இடத்தை எடுக்கலைன்னு மாத்தி அனுப்பறேன். பதினேழு பள்ளிக்கும்" என்றார் திரும்பி வந்து. "அறிவியல் டீச்சருக்கும் ஆய்வகத்துக்கும் நான் சிபாரிசுதான் எழுத முடியும்."

"ரெண்டையும் எழுதிக் கொடுங்க சார். இப்பவே."

எழுதினார். முத்திரையும் வைத்தார். அவள் படித்துப் பார்த்து, தேதி போடச் சொன்னாள்.

வெளியே வந்து காகிதத்தை மூத்தவரிடம் கொடுத்தாள். அவர் சீருடைக் குரலில் உரக்கப் படித்தார். கூட்டத்தில் ஒரு தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். யாரோ அவள் கையைப் பிடித்தார்கள், யாரோ ஆட்டோவுக்குக் கை காட்டினார்கள். அவள் வேண்டாம் என்றாள். ஆய்வகத்துக்குத் திங்கட்கிழமை மறுபடி வருவோம், இதே நேரம் என்று மட்டும் சொல்லிவிட்டு, காகிதத்தை வாங்கிக்கொண்டு மகளோடு புறப்பட்டாள்.

மாலை வெயிலில் தெரு நீண்டு கிடந்தது. அவள் நடந்த வேகத்துக்கு மகள் ஓடித்தான் வரவேண்டியிருந்தது.

"மெதுவாப் போம்மா."

"சீக்கிரம் வா. போய்ச் சொல்ல வேண்டாமா?"

யாரிடம் என்று மகள் கேட்கவில்லை. பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவளும் வேகமாக நடந்தாள்.